பாடத்திட்டத்தைத் தொடாமலே இணைக்கலாம்

வணக்கம் மேடம். தண்டையார்பேட்டையில் முதலாண்டு ஆங்கிலத்தையும் சுற்றுச்சூழல் கல்வியையும் ஒரே கருப்பொருளில் இணைக்க ஆசை, ஆனால் பாடத்திட்டத்தில் கை வைக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். கை வைக்கவே வேண்டாம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கென்றே ஒரே மாணவர் குழுவை இரண்டு மூன்று பாடங்களுக்குச் சேர்த்து உட்கார வைக்கிறார்கள். நம் செக்‌ஷன் முறையில் அது ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: அந்த ஆசிரியர்கள் வாரம் அரை மணி நேரம் சேர்ந்து திட்டமிடுவது. கல்லூரி முதல்வரிடம் அதை முதலில் கேட்டு வாங்குங்கள்.

கருப்பொருளுக்கு எண்ணூர் கழிமுகத்தை எடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவியதைப் பிள்ளைகள் சிலர் நேரிலேயே பார்த்திருப்பார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளை இருந்தால் அங்கே அவர்தான் ஆசிரியர். பிள்ளைகளை அங்கே களப்பயணம் கூட்டிப் போங்கள். சுற்றுச்சூழல் வகுப்பில் நீர் மாசு, உங்கள் ஆங்கில வகுப்பில் அதே களப்பயணத்தின் அறிக்கை. ஒரே கட்டுரைக்கு இரண்டு பாடத்திலும் உள்மதிப்பீடு.

1927இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கல்வியாளர் மைக்கல்ஜான் தொடங்கிய சோதனைக் கல்லூரியிலும் மாணவர்கள் சொந்த வட்டாரத்தை ஆராய்ந்து எழுதினார்கள். தனிக் கல்லூரியாகவே பெரிதாகத் தொடங்கிய அது 1932இல் மூடப்பட்டது. அதனால் பெரிதாகத் தொடங்காதீர்கள், ஒரு செக்‌ஷன் போதும். அப்புறம், களப்பயணத்தைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள், அக்டோபரில் மழை பிடித்துக்கொள்ளும்.