பாலைவனத்தில் ஒரு வன்னி

அன்புள்ள ஐயா,

டிசம்பர் விடுமுறையில் மனைவி, இரு பிள்ளைகள், அம்மா எல்லோருமாக ஷார்ஜாவில் வேலை பார்க்கும் தம்பி வீட்டிற்குச் சென்றிருந்தோம். ஒரு நாள் மாலை, தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டித் துபாயில் பாலைவனச் சஃபாரி போனோம். மூன்று மணிக்கு வண்டி வந்தது. லஹ்பாப் பக்கத்துச் செம்மணல் மேடுகளில் அரைமணி நேரம் ஏற்றி இறக்கினார்கள். மகள் வாந்தி எடுத்துவிட்டாள். படம் எடுத்துக்கொள்ளப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். பிறகு முகாமில் ஒட்டகத்தின் மேல் ஒரு சுற்று, கையில் பருந்தை வைத்து ஒரு படம், மருதாணி, பெல்லி நடனம், சாப்பாடு. ஒன்பதரைக்கு வீடு திரும்பிவிட்டோம். எங்களைச் சுற்றி எப்போதும் நாற்பது ஐம்பது வண்டிகளாவது இருந்தன. பாலைவனத்திற்குப் போனேன் என்று சொல்லிக்கொள்ளவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வழிகாட்டியோடு போகும் பயணமே போலியானது என்று இப்போது நினைக்கிறேன். அடுத்த முறை தம்பியின் வண்டியில் நாங்களாகவே உள்ளே போய்வரலாமென்று ஒரு திட்டம் இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

இன்னொரு செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால், தம்பி அவரைத் தன் காரில் நேராக முகாமுக்கு அழைத்து வந்துவிட்டான். முகாமுக்கு வெளியே தனியாக நின்ற ஒரு மரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். “இது நம்ம விருத்தாசலம் கோயில் வன்னி மாதிரியே இருக்குடா” என்றார். அரபு நாட்டில் வன்னி எங்கிருந்து வரும் என்று சொல்லிவிட்டேன். அங்கே கேட்டபோதும் யாருக்கும் தெரியவில்லை. அந்த மரத்தின் படத்தை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் அம்மா சொன்னது சரி. அது வன்னிதான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அமீரகத்தில் நம் ஊர்ச் சீமைக் கருவேலமும் ஏராளமாகப் பரவியிருப்பதால் முதலில் அந்த ஐயம் எனக்கும் வந்தது. ஆனால் சீமைக் கருவேலத்தில் முட்கள் இலைக்கணுவில் இணையிணையாக நீண்டு நிற்கும்; உங்கள் படத்தில் கைக்கெட்டும் கிளையில் முட்கள் குட்டையாக, கணுக்களுக்கு இடையில் சிதறிக் கிடக்கின்றன. மரத்தின் அடிப்பக்கம் கத்தரியால் வெட்டியதுபோல ஒரே மட்டமாக இருப்பதையும் கவனியுங்கள். அது ஒட்டகத்தின் வாய் எட்டும் உயரம். அரபியில் இம்மரத்திற்கு ‘காஃப்’ என்று பெயர். அமீரகத்தின் தேசிய மரம் இது. 2019ஆம் ஆண்டைச் சகிப்புத்தன்மையின் ஆண்டாக அந்நாடு அறிவித்தபோது இதன் உருவத்தையே சின்னமாக வைத்தார்கள். அரேபியாவில் தொடங்கி ஈரான், பாகிஸ்தான், ராஜஸ்தான் வழியாக விருத்தாசலம் கோயிலின் தலமரம் வரைக்கும் ஒரே இனம்தான் நிற்கிறது. மழையை நம்பாமல் 30 மீட்டர் ஆழம் வரைகூட வேரை இறக்கி நீரைத் தொடும் மரம் என்பதால்தான் மணலின் நடுவே அதனால் பச்சையாக நிற்க முடிகிறது. அதன் நிழலில் மனிதர்கள் தங்கினார்கள், அதன் தழையை ஒட்டகமும் ஆடும் தின்றன. அது நிற்கும் இடத்தைக் கொண்டு வழி சொன்னார்கள்.

ஆகவே அன்று மாலை உங்கள் குடும்பத்தில் பாலைவனத்தைப் பார்த்தவர் உங்கள் அம்மா ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் பார்த்ததை ‘ஆம்’ என்று சொல்ல அந்த முகாமில் ஒருவர்கூட இல்லாமல் போனதுதான் உங்கள் பயணத்தின் குறை. வழிகாட்டி இருந்தது குறையில்லை. உங்களுக்கு வழிகாட்டி கிடைக்கவே இல்லை.

இதைச் சற்று விளக்க வேண்டும். உங்களை அழைத்துச் சென்றவர் திறமையான ஓட்டுநராக இருந்திருப்பார். டயரின் காற்றை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து, அது மணலில் அகலமாகப் படியச் செய்து, மேட்டின் விளிம்பில் எந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துத் திருப்ப வேண்டும் என்று கணித்து ஓட்டுவது எளிய வேலை அல்ல. ஆனால் அவரிடம் நிறுவனம் கேட்பது அதை மட்டும்தான். சூரியன் மறைவதற்குள் படம் எடுக்கும் மேட்டை அடைய வேண்டும், இருட்டுவதற்குள் முகாமில் விட வேண்டும், நாளை மீண்டும் இதையே செய்ய வேண்டும். மரத்தின் பெயரைச் சொல்ல அவருக்கு நேரமும் இல்லை, அதற்கென்று யாரும் அவருக்குக் கூலி கொடுப்பதும் இல்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த ஏற்பாட்டை ‘பாலைவனப் பயணம்’ என்ற பெயரில் விற்பதில்தான் எனக்கு வருத்தம்.

வழிகாட்டியோடு போவது சுற்றுலாக்காரர்களுக்காக உண்டாக்கிய வழக்கம் என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது. உண்மை அதற்கு நேர் எதிரானது. அரேபியாவில் பிறந்து வளர்ந்த பாலைவன நாடோடிகளான பெதுவினரே, அந்தக் காலத்தில் வேறொரு குலத்தின் நிலத்தைக் கடக்கும்போது அக்குலத்தைச் சேர்ந்த ஒருவரை உடன் அழைத்துக்கொள்வார்கள். ‘ரஃபீக்’ என்பார்கள், தோழன் என்று பொருள். கிணறு எங்கே, மேய்ச்சல் எங்கே என்று அவர் சொல்வார். உடன் வருபவரின் உயிருக்கு அவரே பிணை. அந்த மண்ணில் பிறந்தவர்களே துணை தேடிக்கொண்டுதான் போனார்கள்.

நானும் முதல் முறை உங்களைப் போலத்தான் போனேன், உங்களைப் போலத்தான் திரும்பினேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு பிப்ரவரி இறுதியில் மறுபடி துபாய் செல்ல நேர்ந்தபோது, நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால், துபாய் பாலைவனப் பாதுகாப்பகத்தில் காலை நடைக்குப் பதிவு செய்தேன். 225 சதுர கிலோமீட்டர் வேலியிட்ட நிலம் அது. துபாயின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அனுமதி பெற்ற சில நிறுவனங்கள் மட்டுமே உள்ளே வரலாம், அவையும் குறிப்பிட்ட தடங்களில் மட்டுமே வண்டி ஓட்டலாம். இருட்டோடு கிளம்பி விடியும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மூடுபனி இறங்கியிருந்தது. குளிர்கால விடியலில் அங்கே பனி இறங்கும் என்பதும், செடிகளும் சிற்றுயிர்களும் அந்த ஈரத்தை நம்பி வாழ்கின்றன என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. மணலின் மேல்தோல் நனைந்து கருத்திருந்தது. காலை வைத்தால் அடியில் காய்ந்த செம்மணல் தெரிந்தது. மணல்துகளின் மேல் இரும்புத் துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் வரும் சிவப்பு அது.

வழிகாட்டி ஐம்பது வயதைக் கடந்தவர், பாகிஸ்தானின் சோலிஸ்தான் பகுதிக்காரர். நம் தார் பாலைவனத்தின் தொடர்ச்சிதான் சோலிஸ்தான். அவர் முதல் அரைமணி நேரம் எங்களை எங்கும் அழைத்துச் செல்லவில்லை. ஒரு மேட்டின் சரிவில் நிற்க வைத்து, இரவில் அங்கே நடந்ததை வாசித்துக் காட்டினார். இரட்டைத் தையல் போட்டதுபோலப் போன தடம் வண்டினுடையது. ஒரே கோட்டில் அடியெடுத்து வைத்துப் போனது நரி. ஒரு தடம் சிறிது தூரம் நெளிந்து சென்று சட்டென்று நின்றது. அதற்குமேல் மணலில் ஒன்றுமில்லை. அது அரணையின் தடம், அரணை மணலுக்குள் இறங்கி மீனைப் போல நீந்திப் போயிருக்கிறது என்றார். காற்று வீசும் பக்கத்தில் மேடு மெல்லச் சரிந்து இறுகியிருக்கும் என்றும், மறுபக்கம் ஏறத்தாழ 33 பாகைச் சரிவில் பொலபொலவென்று நிற்கும் என்றும், அதனால் மேட்டைப் பார்த்தாலே காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்லலாம் என்றும் கையால் தொட்டுக் காட்டினார். வெயில் ஏறிய பிறகு உள்ளங்கை நீளமுள்ள ஓர் ஓணான் வாலைச் சுருட்டி எங்களைப் பார்த்தது. நாங்கள் ஓரடி நெருங்கியதும் உடலை அதிர வைத்து நின்ற இடத்திலேயே மணலுக்குள் மறைந்தது. சில நொடிகளில் அந்த இடம் வெறும் மணல்.

பிறகு ஓரிக்ஸ்களைக் கண்டோம். வெண்ணிற உடலும் ஈட்டி போன்ற நேர்க்கொம்புகளும் கொண்ட அரேபிய மான்கள் அவை. வேட்டையால் அழிந்து, 1972இல் காட்டில் ஒன்றுகூட மிஞ்சாத நிலை வந்தது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே சிலவற்றைப் பிடித்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் விலங்குக் காட்சிச்சாலைக்குக் கொண்டுபோய்ப் பெருக்கியிருந்தார்கள். 1982இல் ஓமானின் பாலைவெளியில் மீண்டும் விட்டார்கள். இன்று இந்தப் பாதுகாப்பகத்தில் மட்டுமே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நாங்கள் பார்த்தவை ஒரு மரத்தின் நிழலில் மணலைக் காலால் தோண்டிக் குளிர்ந்த அடிமணலில் படுத்திருந்தன. அந்த மரத்தைக் காட்டித்தான் அவர், “இங்கே காஃப், எங்கள் ஊரில் ஜண்ட்” என்றார். ராஜஸ்தானில் கேஜ்ரி என்பார்கள் என்று உடன் வந்த நண்பர் சொன்னார். நான் வன்னி என்றேன். வழிகாட்டி அந்தச் சொல்லை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அவரும் என்னைப் போல அந்த மண்ணுக்கு வெளியூர்க்காரர்தான். பிறந்த ஊரின் மணலை வாசித்த கண்ணால் இந்த மணலையும் வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். வழிகாட்டி எந்த நாட்டுக்காரர் என்பது பெரிதில்லை. அந்த நிலத்தோடு அவருக்கு உறவு இருக்கிறதா என்பதே முக்கியம்.

முகாமின் ஆடல் பாடல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்த பெல்லி நடனமும், பல முகாம்களில் ஆடும் பாவாடை சுழலும் தன்னூரா ஆட்டமும் எகிப்திலிருந்து வந்தவை. அமீரகப் பாலைவனத்துக்கென்றே ஒரு பாட்டு வடிவம் உண்டு: தக்ரூதா. ஒட்டகத்தின் மேல் நெடுந்தூரம் போகிறவர்கள் அந்த நேரத்திலேயே கட்டிப் பாடும் சில வரிகளேயான கவிதை. ஒரு குழு பாட, மறு குழு திருப்பிச் சொல்லும். பாட்டின் தாளத்துக்கு ஒட்டகங்கள் அடியை ஒன்றாக வைக்கும் என்பார்கள். ஓமானும் அமீரகமும் சேர்ந்து விண்ணப்பித்து 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த கலை அது. ஒட்டகச் சவாரிக்கென்றே பிறந்த பாட்டு இருக்கும்போது, ஒட்டகச் சவாரி விற்கும் முகாமில் அதை ஒருவர்கூடப் பாடுவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது. நீங்கள் கையில் வைத்துப் படம் எடுத்த பறவைக்கும் அப்படியொரு கதை உண்டு. முன்பெல்லாம் இலையுதிர் காலத்தில் வலசை வரும் வல்லூறுகளைப் பெதுவினர் பிடிப்பார்கள், சில வாரங்களில் பழக்குவார்கள், குளிர்காலம் முழுவதும் அது வேட்டையாடித் தரும் இறைச்சியை உண்பார்கள், வெயில் காலம் தொடங்கும்போது பறக்க விட்டுவிடுவார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அதை யாராவது சொல்லியிருந்தால், அந்தப் படம் அவர்களுக்கு வேறு படமாக இருந்திருக்கும்.

இனி உங்கள் திட்டம். தயவுசெய்து தனியாகப் போகாதீர்கள். இதை ஆலோசனையாக அல்ல, வேண்டுகோளாகவே எழுதுகிறேன். உச்சி வெயிலில் மணலில் நிழல் விழாது. நிழல் இல்லையென்றால் மேட்டின் விளிம்பு எங்கே முடிகிறது, மறுபக்கச் சரிவு எங்கே தொடங்குகிறது என்று பழகாத கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டில் சாய்ந்த வண்டி உருண்டுவிடும். சக்கரம் புதைந்தால் இழுத்துவிட இன்னொரு வண்டி வேண்டும். கோடையில் 45 பாகையைத் தாண்டும் வெயிலில், பிள்ளைகளோடு, இரண்டு பாட்டில் தண்ணீரோடு காத்திருப்பது என்றால் என்னவென்று எண்ணிப் பாருங்கள். தடம் மாறி ஓடும் ஒவ்வொரு சக்கரமும், பல மழைக்குக் காத்திருந்து முளைத்த செடிகளையும், மணலுக்குள் ஒளிந்திருக்கும் அந்த ஓணான் போன்ற உயிர்களையும் நசுக்கிக்கொண்டே போகிறது. நீங்கள் தேடும் பாலைவனம் அப்படித்தான் இல்லாமல் போகிறது.

அதற்குப் பதிலாக, பதிவு செய்வதற்கு முன் நிறுவனத்திடம் விலையைக் கேட்பதோடு, ஒரு வண்டிக்கு எத்தனை பேர், மண்ணில் இறங்கி நடக்க எவ்வளவு நேரம், பேசி விளக்குபவர் ஓட்டுநரா அல்லது அதற்கென்று பயின்றவரா என்று கேளுங்கள். நடை என்ற சொல்லே அவர்கள் பதிலில் வராவிட்டால் வேறிடம் பாருங்கள். நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில், காலையில் போங்கள். கட்டணம் கூடுதலாக இருக்கும். மணல்மேட்டு ஓட்டம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் மகளுக்கும் தொல்லை இல்லை. முதுகுவலி, இதயக் கோளாறு உள்ளவர்களும் கருவுற்றவர்களும் அதை எப்படியும் தவிர்க்கவே வேண்டும்.

அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். முழங்கால் வலி என்பதை முன்பே தெரிவித்தால் வண்டி போகும் தடத்தின் அருகிலேயே ஒரு காஃப் மரத்தடியில் நாற்காலி போட்டுத் தரும்படி கேட்கலாம். நான் போன அன்று ஒரு ஜெர்மானியப் பாட்டி அப்படித்தான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்பு எனக்காக ஒன்று செய்யுங்கள். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டி, அந்த மரத்தை அவர் எதைக் கொண்டு வன்னி என்று கண்டுகொண்டார் என்று கேளுங்கள்: இலையா, பட்டையா, முள்ளா, அல்லது நிழல் விழுந்த விதமா? நான் முள்ளைப் பார்த்துத்தான் உறுதி செய்தேன். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லியிருக்கிறார் என்பதால் அவருடைய அடையாளம் வேறாக இருக்க வேண்டும். அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்