போர் முடிஞ்சு தேர்தல் வச்சதும் இலங்கை வடக்குல ஜனநாயகம் திரும்பிடுச்சா?

பாதிதான் வந்துச்சுன்னு சொல்வேன். நான் பந்தலூர் பக்கம், இங்க டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டம்) லைன் வீடுகள்ல நெறைய பேர் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல, அதாவது இலங்கைத் தோட்டத் தமிழர்ல ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப ரெண்டு நாடும் போட்ட ஒப்பந்தத்துல வந்த சிலோன்காரங்க, அதனால டீக்கடையில இந்தப் பேச்சு அடிக்கடி ஓடும்.

போர் முடிஞ்சது 2009 மே, வடக்கு மாகாண சபைக்குத் தேர்தல் வச்சது 2013 செப்டம்பர் 21. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 சீட்ல 30-ஐ அள்ளுச்சு, சுப்ரீம் கோர்ட்ல ஜட்ஜா இருந்து ரிட்டயர் ஆன விக்னேஸ்வரன் முதலமைச்சர் ஆனாரு. சரி, ஆனா கையில என்ன இருந்துச்சு? 1987-ல இலங்கை அரசியல் சட்டத்துக்கு வந்த 13-வது திருத்தத்துல, மாகாண சபைக்குன்னு காணி (நிலம்), போலீஸ் அதிகாரம் எல்லாம் பேப்பர்ல இருக்கு, குடுக்கல. சபை எந்தச் சட்டம் போட்டாலும் கவர்னர் சம்மதம் வேணும், அவரை நியமிக்கறது கொழும்புல இருக்கற ஜனாதிபதி, அப்ப கவர்னரா இருந்தவரோ ராணுவத்துல மேஜர் ஜெனரலா இருந்தவரு! ஜனங்க க்யூல நின்னு போட்ட வோட்டு பெருசுதான், அதைக் கொறைச்சு சொல்லல.

எங்க லைன்ல ஒரு தாத்தா, பொறந்தது நுவரெலியா பக்கம், "வோட்டே இல்லாத எங்களை வச்சுக்கிட்டே அங்க எலெக்‌ஷன் நடந்துச்சு தம்பி"ம்பாரு. நெசம்தான், தோட்டத் தமிழர்ல பெரும்பாலானவங்களுக்குக் குடியுரிமை இல்லாமப் பண்ணின 1948 சட்டத்துக்கு அப்புறம், 1952 தேர்தல்ல அவங்களுக்கு வோட்டு கெடையாது.

வடக்கு சபையோட காலம் 2018 அக்டோபர்ல முடிஞ்சுது. அதுக்கு முந்தின வருஷமே தேர்தல் முறையை மாத்துறோம்னு ஒரு சட்டம் போட்டாங்க, தொகுதி பிரிச்ச ரிப்போர்ட்டை பார்லிமென்ட் தோக்கடிச்சுது, தேர்தல் நடத்த பழைய முறையும் இல்ல புதுசும் இல்ல, அப்புறம் வருஷக்கணக்கா கவர்னர் ஆட்சிதான்.