‘அடிப்படை வருமானம்’ பதிவுக்கு 500 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்களுக்கு ஏழு ஏக்கர் மானாவாரி நிலம். கணவர் பெங்களூருவில் கட்டட வேலை. மகளிர் உரிமைத்தொகைக்கு எழுதிக் கொடுத்தேன்; நிலம் அதிகம் என்று தள்ளிவிட்டார்கள். இப்போது ஒருவர், எல்லோருக்கும் மாதாமாதம் ‘அடிப்படை வருமானம்’ வரப்போகிறது, 500 ரூபாய் கொடுத்தால் பெயரைப் பதிந்துவிடுகிறேன் என்கிறார். அது வந்தால் ரேஷன் அரிசி நின்றுவிடுமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. எல்லோருக்குமான அடிப்படை வருமானம் நம் நாட்டில் நடைமுறைக்கே வரவில்லை. வராத திட்டத்துக்கு என்ன பதிவு? ஆதார் நகலையோ போனுக்கு வந்த ஓடிபி எண்ணையோ அந்த ஆளிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றே பேங்குக்குப் போய்ச் சொல்லிவிட்டு, பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பாருங்கள்.

அந்த யோசனையின் பெரிய நன்மையே, யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்று சலித்துப் பிரிக்க வேண்டாம் என்பதுதான். சலிக்கிற இடத்தில்தான் தரகர் வந்து உட்காருகிறார். சிக்கல், பணம். உரிமைத்தொகை போல ஒரு கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றாலே வருடத்துக்கு 12,000 கோடி. தமிழ்நாட்டில் ஏழு கோடிப் பேருக்கும் என்றால் 84,000 கோடி. அதனால்தான் மானியங்களுக்குப் பதிலாகக் காசு என்ற பேச்சு வருகிறது. மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய் என்று கணக்குப் போட்டபோதும் அப்படித்தான். உங்கள் பயம் வீண் பயமில்லை. ஆனால் அந்த யோசனை அறிக்கையோடு நிற்கிறது. அதனால் உங்கள் அரிசி நிற்காது.

சரி, நிலத்துக்கு வருவோம். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். 2023-இல் உங்கள் மாவட்டத்துத் தொப்பூரில்தான் உரிமைத்தொகை விண்ணப்ப முகாமே தொடங்கியது. அப்போது வந்த விதி: நஞ்சை என்றால் ஐந்து ஏக்கர், புஞ்சை என்றால் பத்து ஏக்கர் வரை இருக்கலாம். மழை பெய்தால் ராகி, தள்ளிப்போனால் கொள்ளு என்று விதைக்கிற உங்கள் ஏழு ஏக்கரும் புஞ்சை என்றால், நிலத்தைக் காட்டித் தள்ளியிருக்கவே கூடாது. சிட்டாவை எடுத்துப் பாருங்கள். நன்செய், புன்செய் என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். நடுவில் சொந்தக் கிணறு வெட்டி இறைத்தாலும், வருவாய்க் கணக்கில் புஞ்சை புஞ்சைதான். கிணறு இருக்கிறதே என்று யாராவது நஞ்சை ஆக்கினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தக் கட்டத்தைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா?

நிராகரிப்புக் குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பது விதி. நாள் கடந்திருந்தால், சிட்டா நகலோடு திங்கட்கிழமை தருமபுரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.