வளைந்து ஓடும் வெள்ளைப் புள்ளி

கேள்வி: 1991 செப்டம்பரில் டிஸ்கவரி விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த வீடியோவில் ஒரு வெள்ளைப் புள்ளி சட்டென்று திசைமாறி ஓடுகிறது. ஓடம் கொட்டிய தண்ணீர் உறைந்த துணுக்கு என்கிறார்கள். பனித்துணுக்கு எப்படித் திரும்பும்?

பதில்: தானாகத் திரும்பாது, தள்ளினால் திரும்பும். புள்ளி வளைவதற்குச் சற்று முன் திரையில் ஒரு வெளிச்சம் மின்னுகிறதே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓடத்தின் நிலையைத் திருத்தும் சிறு உந்துபொறி எரிந்த கணம் அது. நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் சீறும் அந்த வாயு பட்டால் துணுக்கு சிதறி ஓடும். கேமராவுக்குச் சில மீட்டர் தள்ளியுள்ள துணுக்கு, அடிவானத்தில் பறக்கும் பெரும்பொருளாகத் தெரியும். வெற்றுவெளியில் தூரத்தைக் கண்ணால் அளக்க வழியில்லை.

ஓடத்தில் தண்ணீர் வந்தது எரிபொருள் கலங்களிலிருந்து. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் தரும்போது தண்ணீரும் உண்டாகும். மிஞ்சியதைச் சூடேற்றிய குழல்வாய் வழியே வெளியேற்றினார்கள். 1984-இல் டிஸ்கவரியின் கழிவுநீர் வாயில் பனிக்கட்டி வளர்ந்துவிட, இயந்திரக் கையால் தட்டிவிட வேண்டியதாயிற்று.

ஆனால் எல்லாப் புள்ளிகளுக்கும் தண்ணீரையே காரணம் சொல்வது தவறு. உந்துபொறி வாயில் உறைந்த எரிபொருளும், வெப்பக் காப்புறைத் துகள்களும் மிதக்கும். 1962-இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் தன் விண்கலத்துக்கு வெளியே கண்ட ஒளிப்புள்ளிகளான ‘மின்மினி’களை, அதே ஆண்டு இன்னொரு வீரர் ஸ்காட் கார்பென்டர் தன் விண்கலத்தின் உட்சுவரைத் தட்டியே கிளப்பிக் காட்டினார்: வெளிப்புறத்தில் படிந்திருந்த உறைபனி.