தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை ஒரு சின்னப் பிள்ளை எப்படி உணர்கிறது?

இலங்கையில் இந்தப் பரீட்சை எழுதும் பத்து வயதுப் பிள்ளையின் மனதில் என்ன ஓடும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பரீட்சைக்கு முன்னால் பிள்ளை படிப்பது பெற்றோரின் முகத்தைத்தான். இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். வெட்டுப்புள்ளி, அதாவது தெரிவாவதற்கு எடுக்க வேண்டிய குறைந்தபட்சப் புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப்பணம், பெயர்பெற்ற பாடசாலையில் இடம், இவைதான் நோக்கம். ஆனால் பிள்ளைக்கு விளங்குவது வேறு: வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்தால் கெட்டிக்காரப் பிள்ளை, கீழே என்றால் ‘பெயில்’. உண்மையில் இதில் பெயிலே கிடையாது, எத்தனை புள்ளி எடுத்தாலும் தரம் 6க்குப் போகலாம். இதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பலர் சொல்வதே இல்லை.

பள்ளி விட்டதும் ரியூசன், இரவில் மாதிரி வினாத்தாள். விளையாட்டோ ‘பரீட்சை முடியட்டும்’ என்று தள்ளிப்போகும். காலையில் வயிற்றுவலி, காரணமில்லாத அழுகை வந்தால் அதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். அது பயமாக இருக்கலாம். சொல்லத் தெரியாததால் உடம்பு சொல்கிறது.

அப்புறம், பெறுபேறு வரும் நாளில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளியை விசாரிக்க வேண்டாம். உங்கள் பிள்ளை அருகில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்.