மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு குழந்தைக்கு எந்தக் கணக்கெல்லாம் வந்திருக்க வேண்டும்?

ஒன்றாம் வகுப்பு முடித்த மகளுக்கு இனி என்னென்ன கணக்கு வர வேண்டும், பக்கத்து வீட்டுப் பையன் 16ஆம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கிறானே, டியூஷன் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை கணக்கு எடுக்கிறேன். வாய்ப்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பத்து ஒன்றுகளை ஒரு கட்டாகக் கட்டவும், அதை அவிழ்க்கவும் உங்கள் மகளுக்குத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். இந்த வயதுக் கணக்கில் பாதிக்கு மேல் அதில்தான் நிற்கிறது.

அதற்கும் முன்னால் எண்ணுவது. ஒன்று முதல் நூறு வரை பாட்டு மாதிரி சொல்லும் குழந்தைக்கு எண்ணத் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். ஒன்பது புளியங்கொட்டையை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். உடனே ஒன்பது என்றால் சரி. மறுபடியும் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. அதே கொட்டைகளை அகலமாகப் பரப்பிவிட்டு “இப்போ எத்தனை?” என்று கேட்டுப் பாருங்கள். கூடிவிட்டது என்று சொல்லும் ஐந்து வயதுப் பிள்ளைகள் நிறைய. அது அந்த வயதுக்கு இயல்பு, திட்ட வேண்டாம். நான்கைந்து பொருள்களை எண்ணாமல் பார்த்தவுடனே சொல்லவும் பழக வேண்டும். பல்லாங்குழி வீட்டில் இருந்தால் இதற்கு வேறெதுவும் தேவையில்லை. குழியைப் பார்த்ததுமே எத்தனை சோழி என்று சொல்லிவிடுவார்கள்.

இனி பத்து. 8உம் 5உம் எவ்வளவு என்றால், 8க்கு இரண்டு கொடுத்தால் பத்து, மீதி மூன்று, ஆக 13 என்று குழந்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதற்கு 7க்கு 3, 6க்கு 4 என்று பத்தின் ஜோடிகள் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். மனப்பாடம் செய்தே ஆக வேண்டியது ஒன்று உண்டென்றால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் வகுப்பில் தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறோம். இரண்டாம் வகுப்பில் 43இல் 17 போனால் எவ்வளவு என்று கேட்டால், பாதிப் பேர் நோட்டில் 34 என்று எழுதுவார்கள். மூன்றிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து மூன்றைக் கழித்துவிடுகிறார்கள். “பக்கத்தில் கடன் வாங்கு” என்று சொல்லிக் கொடுத்தால் விடை வரும், ஆனால் யார் யாரிடம் எதை வாங்கினார்கள் என்று பிள்ளைக்குத் தெரியாது. குச்சியைக் கையில் கொடுத்தால் நிலைமை வேறு. நாலு கட்டும் மூன்று உதிரியும் இருக்கின்றன. ஏழை எடுக்க உதிரி போதவில்லை. கொஞ்ச நேரம் விழிப்பார்கள். அப்புறம் யாராவது ஒரு பிள்ளை, “டீச்சர், ஒரு கட்டை அவுத்துக்கலாமா?” என்று கேட்கும். மூன்று கட்டு, 13 உதிரி. ஏழை எடுத்தால் ஆறு, ஒரு கட்டை எடுத்தால் இரண்டு கட்டு. 26. இதைக் கையால் செய்து பார்த்த பிள்ளை, நோட்டில் 34 வந்தால் தானே சந்தேகப்படும். அந்தச் சந்தேகத்தை வரவைக்கத்தான் இவ்வளவு பாடும்.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். டெல்டாவில் மேட்டூர் நீர்மட்டம் பார்க்காத வீடு இருக்காது. செய்தித்தாளில் அந்த இடத்தை மகளைப் படிக்கச் சொல்லுங்கள். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை விட்டுவிடலாம். நேற்று 94, இன்று 97 என்றால் ஏறியதா இறங்கியதா, எத்தனை அடி? அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. இன்னும் எத்தனை அடி வேண்டும்? பேப்பரில் கீழே கீழே எழுதிக் கழிக்க விடாதீர்கள். 97இலிருந்து 100க்கு மூன்று, 100இலிருந்து 120க்கு இருபது, ஆக 23. கழித்தல் என்பது இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள தூரம் என்பது இப்படித்தான் மனதில் பதியும். தாத்தாவுக்கு அந்த எண் எவ்வளவு முக்கியம் என்று பிள்ளைக்குத் தெரியும், அதனால் சலிக்காமல் செய்யும்.

அளவைக்கும் வீடே போதும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று சொல்லாதீர்கள், அரிசியை அளந்து கொட்டவிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அரைப்படி எத்தனை ஆழாக்கு, கால்படி எத்தனை என்று கேட்டால் பின்னத்துக்கு அதுவே ஆரம்பம். மணி பார்ப்பது, நூறு ரூபாய்க்குச் சில்லறை வாங்குவது எல்லாம் கடைக்குக் கூட்டிப்போனாலே வந்துவிடும். 7 புள்ளி, இடைப்புள்ளி, 4இல் நிறுத்து என்று கோலம் போடுகிறீர்களா? மொத்தம் எத்தனை புள்ளி என்று ஒரு முறை கேளுங்கள். நடுவரிசை 7, மேலே 6, 5, 4, கீழேயும் அதே. மேல்பாதியை மட்டும் கூட்டி இரட்டித்து, நடுவரிசை ஏழையும் சேர்த்து 37 என்று சொல்லும் பிள்ளை நல்ல நிலையில் இருக்கிறது.

வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2, 5, 10 இரண்டாம் வகுப்பிலேயே வரலாம், மற்றவை மூன்றில். ஆனால் 4 × 3 என்பது நான்கு பேருக்குத் தலா மூன்று என்று தெரிந்த பிறகு வரட்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம், அதாவது ஒரு மூட்டை, 40 கிலோ. 40, 80, 120, 160, 200 என்று அப்பாவோடு சிப்பம் எண்ணி, ஐந்து சிப்பம் இரண்டு குவிண்டால் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு நாலாம் வாய்ப்பாடு தனியாகப் பாரமாக இருக்காது.

அளவுகோல் வேண்டுமென்றால், 2021இல் வந்த மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டத்தில் ஒன்றாம் வகுப்பு முடிவில் 99 வரை, இரண்டில் 999 வரை, மூன்றில் 9999 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நம் அரசுப் பள்ளிகளில் 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நடக்கிறது. பாட்டும் ஆட்டமுமாக இருப்பதைப் பார்த்து “பாடமே நடக்கவில்லை” என்று வருத்தப்படும் பெற்றோர் உண்டு. அந்த ஆட்டத்தில்தான் பாடம் இருக்கிறது, நம்புங்கள்.

டியூஷன் இப்போது வேண்டாம். விரல்விட்டு எண்ணினால் கையைத் தட்டிவிடாதீர்கள், ஜோடிகள் பழகியதும் விரல் தானாக மடங்கிவிடும். இரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு சமயத்திலும் அந்தப் புளியங்கொட்டைக் கேள்வியில் தடுமாறினால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். வாயால் சரியாகச் சொல்லிவிட்டு, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் எண்ணை மாற்றி மாற்றி எழுதினால், முதலில் கண்ணைக் காட்டிவிடுங்கள்.