சளி பிடித்தாலே இழுப்பு: மூன்றரை வயதுக் குழந்தைக்கு இன்ஹேலர் தரலாமா?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. சளி பிடித்த இரண்டாம் நாளே நெஞ்சில் ‘கீச் கீச்’ என்று சத்தம் வந்து, மூச்சு வாங்க ஆரம்பித்துவிடுகிறது. இந்த ஆண்டில் மட்டும் நான்கு முறை நெபுலைசர் வைத்துவிட்டோம். இப்போது டாக்டர் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் இன்ஹேலரும், அதோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயும் எழுதித் தந்திருக்கிறார். “இன்ஹேலர் பழகிவிட்டால் விடவே முடியாது, சிரப்பே போதும்” என்கிறார் என் மாமியார். இது ஆஸ்துமாதானா? இன்ஹேலர் தரலாமா?

மருத்துவர் பதில்: தாராளமாகத் தரலாம். இன்ஹேலர் போதைபோலப் பழகிவிடாது. மாமியார் பாதுகாப்பானது என்று நம்பும் சிரப்பில்தான் மருந்தின் அளவு அதிகம். இந்த வயதில் ஒரு வேளைக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் சிரப்பில் 1 முதல் 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதாவது 1000 முதல் 2000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு பஃப், அதாவது ஒருமுறை அழுத்தினால் வருவது, 100 மைக்ரோகிராம்தான். சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வருகிறது. அதனால்தான் சிரப் குடித்த குழந்தைக்குக் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் கெடுகிறது. பலனும் தாமதமாகத்தான் கிடைக்கும். இன்ஹேலர் மருந்து சேர வேண்டிய இடத்துக்கே நேராகப் போவதால் சில நிமிடங்களில் மூச்சு இளகும்.

சளி பிடித்ததும் இழுப்பு வருவது ஏன்? வைரஸ் தாக்கியதும் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது, கபம் சுரக்கிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழந்தையின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே மிகக் குறுகல். குழாயின் விட்டம் பாதியானால் காற்று போகும்போது சந்திக்கும் எதிர்ப்பு இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய 16 மடங்காகிவிடும். பெரியவர்களுக்கு வெறும் தும்மலோடு போகிற சளி குழந்தைக்கு இழுப்பாக மாறுவது இதனால்தான். காரணம் வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் தேவைப்படாது. வாழைப்பழத்தையும் தயிரையும் நிறுத்த வேண்டியதில்லை.

ஆஸ்துமாவா என்பதை இந்த வயதில் ஒரே பரிசோதனையில் முடிவு செய்ய முடியாது. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை ஐந்து வயதுக்குமேல்தான் ஓரளவு சரியாகச் செய்ய முடியும். சளி இல்லாத நாட்களிலும் ஓடினால், சிரித்தால், அழுதால் இருமல் வருகிறதா? நள்ளிரவில் இருமி எழுகிறாளா? தோலில் கரப்பான் உண்டா? பெற்றோரில் யாருக்காவது ஆஸ்துமா இருக்கிறதா? இவற்றுக்கு ‘ஆம்’ என்ற பதில் கூடக்கூட ஆஸ்துமாவின் வாய்ப்பும் கூடும். சளியோடு மட்டும் வரும் இழுப்பு பல குழந்தைகளுக்கு ஆறு வயதுக்குள் விட்டுப்போகிறது.

இழுப்புக்கு என்ன பெயர் என்பதைவிட, இன்ஹேலரை எப்படித் தருகிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள். ‘மருந்து கேட்கவில்லை’ என்று திரும்பி வருபவர்களில் பலருக்கு மருந்து நுரையீரலுக்குப் போயே இருக்காது. ஸ்பேசர் இல்லாமல் அடித்தால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் மகளுக்கு மாஸ்க் வைத்த ஸ்பேசர் வேண்டும். மடியில் நிமிர்ந்து உட்கார வையுங்கள். இன்ஹேலரை ஐந்து விநாடி நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்துங்கள். மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க்கை முகத்தில் இடைவெளியின்றி அணைத்துப் பிடியுங்கள். சிறு இடைவெளி இருந்தாலும் மருந்து வீணாகும். ஒரே ஒரு பஃப் அடித்து, அவள் ஐந்தாறு முறை இயல்பாக மூச்சு விடும்வரை மாஸ்க்கை எடுக்காதீர்கள். அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி அடுத்த பஃப். இரண்டையும் சேர்த்து அடித்தால் மருந்துத் துளிகள் ஸ்பேசர் சுவரிலேயே படிந்துவிடும்.

அழும்போது தந்தால் நன்றாக உள்ளே இழுப்பாள் என்பது தவறு. அழும் குழந்தைக்கு மருந்து தொண்டையோடு நின்றுவிடும். நலமாக இருக்கும் நாளில் ஸ்பேசரை விளையாடக் கொடுங்கள், பொம்மைக்கு வைத்துக் காட்டுங்கள். புது ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாக உலரவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் உண்டாகும் நிலை மின்சாரம் மருந்தைச் சுவரோடு இழுத்துக்கொள்ளும்.

இழுப்பு தொடங்கியதும் 2 பஃப் தாருங்கள். குறையவில்லை என்றால் 20 நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை அதேபோலத் தரலாம். அப்படியும் அடங்கவில்லை என்றாலோ, இரண்டு மணி நேரத்துக்குள் 6 பஃப்புக்குமேல் தேவைப்பட்டாலோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போகும் வழியிலும் பஃப் தரலாம். விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்கினால், பேசவோ குடிக்கவோ முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், சோர்ந்து துவண்டால் 20 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்குமேல் என்றால் அது வேகமான மூச்சு. கீச் சத்தம் நின்றும் குழந்தை திணறினால் அது குணமல்ல. காற்றே போகாத அளவுக்குக் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள்.

சளியே இல்லாமல், வேர்க்கடலை தின்றுகொண்டோ சிறு பொருளை வாயில் வைத்து விளையாடிக்கொண்டோ இருந்தபோது திடீரென்று இருமலும் இழுப்பும் வந்தால் இன்ஹேலரால் பயனில்லை. பொருள் மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். உடனே மருத்துவமனை.

வீட்டுப் புகையை இன்றே நிறுத்துங்கள். குளித்ததும் தலைக்குக் காட்டும் சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, பீடி, சிகரெட் எல்லாமே இவளுக்கு ஆகாது. கொசுவுக்கு வலை கட்டுங்கள். வெளியே புகைத்துவிட்டு வந்து தூக்கினாலும் சட்டையில் புகை இருக்கும்.

ஒரே ஆண்டில் நான்கு முறை நெபுலைசர் என்பது சாதாரணமாக விடக்கூடியதல்ல. வந்த இழுப்பை அடக்கும் மருந்து மட்டும் போதுமா, தினமும் தரும் தடுப்பு இன்ஹேலரும் வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பொதுவாக பியூடெசொனைட் போன்ற ஸ்டீராய்டைக் குறைந்த அளவில் இரண்டு, மூன்று மாதம் தந்து பலனைப் பார்ப்போம். ‘ஸ்டீராய்டு’ என்றதும் அஞ்ச வேண்டாம், அளவு மைக்ரோகிராமில்தான். நீண்ட நாள் தரும்போது உயரம் குறைந்தாலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வைத்து முகத்தைத் துடைத்துவிட்டால் வாயில் வெண்புண் வரும் வாய்ப்பு குறையும். இழுப்பு நின்றுவிட்டது என்று இதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்த முறை போகும்போது ஸ்பேசரையும் இன்ஹேலரையும் எடுத்துப் போய், டாக்டர் பார்க்க நீங்களே குழந்தைக்குக் கொடுத்துக் காட்டுங்கள். எந்த மருந்து, எத்தனை பஃப், எப்போது கிளம்ப வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிவந்து, மாமியார் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் இழுப்பு வந்தால் அவர்தான் முதலில் கொடுக்க வேண்டியிருக்கும்.